கதவுப் பூட்டுக்கு ஒரு பென்சில்

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனைச் சுற்றி நின்றது மூன்று பேர். மாமா, பக்கத்து வீட்டு டிராக்டர்க்காரர், நான். அப்பாவும் அம்மாவும் இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். என் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று என்னை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா என் அம்மாவுக்கு அண்ணன். அத்தையும் அன்று இல்லை, சின்னசேலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். அத்தை இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மாமா வீடு மலையடிவாரத்தில், கரியாலூர் போகும் சாலையை ஒட்டி இருந்தது. எத்தனையோ கை மாறி வந்த வேன் அது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கையும் ஆட்களையும் கள்ளக்குறிச்சிக்கு இறக்குவார் மாமா. வாங்கிய புதிதில் கதவெல்லாம் ஒழுங்காகத்தான் திறந்தன. பிறகு ஒவ்வொன்றாக மக்கர் பண்ணத் தொடங்கின. முதலில் இடப்பக்கம், அடுத்து நடுக்கதவு, கடைசியில் டிரைவர் கதவு. சாவி பாதி தூரம் போய் நின்றுவிடும். உள்ளே இருக்கும் குமிழை இழுத்தாலும் எழும்பாது. பின்கதவு மட்டும்தான் திறக்கும். அதில் பூட்டே கிடையாது, கயிறு போட்டுக் கட்டுவதோடு சரி. ஆகவே எல்லோரும் பின்னால் ஏறினோம். டிரைவரும்தான். கிழங்கு மூட்டைகளைத் தாண்டி, சந்தைக்குப் போகும் அம்மாக்களிடம் “கொஞ்சம் தலையக் குனிங்க” என்று கெஞ்சிக்கொண்டே மாமா ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேருவார். அவர்களுக்கு அது தினமும் ஒரு சிரிப்பு. எனக்கும்தான்.

அந்த ஞாயிறு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. மலை ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிவர அந்தப் பள்ளிக்கு ஒரு வேன் வேண்டும். எல்லாக் கதவும் உள்ளேயும் வெளியேயும் திறக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வண்டி தேறினால் மாமாவுக்கு நிலையான ஓட்டம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடும். மாமா வண்டி ஓடினால் நானும் அதில் போய் அங்கே படிக்கலாம் என்று பேச்சு. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஆறாம் வகுப்பைப் பார்த்ததில்லை.

மாமா காலையிலிருந்து விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முந்தைய வாரங்களிலும் விட்டிருக்கிறார். விட விடக் கதவு இன்னும் கெட்டியானது. டிராக்டர்க்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாக ஒரு சுற்று வந்தார்.

“மச்சான், நீ வேன் வாங்கனியா, பீரோ வாங்கனியா?”

மாமா பூட்டை வெல்டிங் வைத்து அறுத்துவிடலாமா என்று கேட்டார். கதவில் ஓட்டை போட்ட வண்டியில் எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளையை ஏற்றும் என்று டிராக்டர்க்காரர் திருப்பிக் கேட்டார். இருவரும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒடிந்த குடைக் கம்பி ஒன்றை எடுத்துச் சாவித் துளையில் விட்டுக் குடைந்தேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கம்பியின் நுனியில் களிமண் போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். முகர்ந்து பார்த்தேன்.

“மாமா, சந்தன வாசன வருது.”

டிராக்டர்க்காரர் கம்பியை வாங்கி முகர்ந்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா அப்படியே தரையில் குந்திவிட்டார்.

எல்லோரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலும் முன்கண்ணாடியிலும் பொட்டு வைப்பார்கள். அத்தை கதவுப் பூட்டுகளுக்கு வைப்பார். வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து, குழைத்த சந்தனத்தைச் சாவித் துளையின் மேலேயே அப்பி, அதன்மேல் குங்குமம் இடுவார். கண்ணாடியில் ஏன் வைப்பதில்லை என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “கண்ணாடிக்கு இன்னாத்துக்குடா? கதவுதான் தொறக்கணும்” என்றார். பெரியவர்கள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சந்தனம்தான் வாரா வாரம் உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. மாமாவின் விளக்கெண்ணெய் அதைப் பக்குவமாகப் பிசைந்து வைத்திருக்கிறது.

டிராக்டர்க்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தங்கச்சி வரட்டும், ஊரையே கூட்டிச் சொல்கிறேன் என்றார்.

“அதுகிட்ட சொல்லாத. துருன்னு சொல்லு.”

“இன்னா மச்சான், பொண்டாட்டிக்கு அவ்ளோ பயமா?”

“துருன்னா துருதான்” என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, “உனக்குந்தாண்டா” என்றார்.

டிராக்டர்க்காரர் என்ன நினைத்தாரோ, அதற்குமேல் கேலி செய்யவில்லை. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார்கள். கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டு விட்டு எடுத்தார்கள். ஊற ஊற நான் குடைந்தேன். மதியச் சோற்றுக்கு முன் டிரைவர் கதவின் குமிழ் ‘டக்’ என்று எழும்பியது. மற்ற இரண்டுக்கும் பொழுது சாய்ந்துவிட்டது.

மாமா மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க, டிராக்டர்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் விட்டால் மலைரோட்டுப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும், பென்சில் தூள் போடு என்றார். இருவரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். புதுப் பென்சில், ஒரு முறைதான் சீவியிருந்தேன். அதைப் பிளந்து, கரியை நுணுக்கி, காகிதக் குழலில் வைத்து ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் ஊதினார் மாமா. சாவி சத்தமில்லாமல் திரும்பியது.

திங்கட்கிழமை வந்தவர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. என்னை உள்ளே உட்காரவைத்து எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, “எறங்கி வா” என்றார். இறங்கி வந்தேன். ஒவ்வொரு கதவிலும் அப்படியே செய்யச் சொன்னார். செய்தேன். அந்த ஜூனில் மாமாவின் வேனிலேயே நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

அதற்கு முன்பே அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. துரு கழன்ற பூட்டுகளைப் பார்த்த சந்தோஷத்தில் அத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சந்தனம் குழைத்து வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் கை என் பிடரியில் இருந்தது. “நல்லா வெய்யி” என்றார் அத்தையிடம்.

சனிக்கிழமை விடிந்ததும் மாமா என்னைத் தட்டி எழுப்பி, “பென்சில் இருக்குதா?” என்றார். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில் இறகும் மண்ணெண்ணெயுமாகக் கழுவித் துடைத்தோம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த வேலையே கிடையாதே என்றேன்.

“வச்சிக்கினு போவட்டும்டா. கழுவுறதுல நமக்கு இன்னா கஷ்டம்.”

மலைப்பாதையில் எந்த வளைவுக்கும் அசராத மாமா அத்தைக்கு மட்டும் நடுங்குகிறார் என்று நான் முடிவு செய்தேன். பள்ளியில் கூட்டாளிகளிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அத்தைக்கு ஒரு தம்பி இருந்தார், லாரியில் போனபோது இறந்துவிட்டார் என்பது மட்டும் எனக்கு அப்போதே தெரியும். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவோடு பஸ்சில் மலையேறும்போது, ஒரு வளைவில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஏன் என்று கேட்டேன். கிழங்கு லாரி அங்கேதான் கவிழ்ந்ததாம். அத்தையின் தம்பிக்குக் கால் மட்டும் சிக்கிக்கொண்டதாம். பேசிக்கொண்டுதான் இருந்தானாம். கண்ணாடியை உடைத்துத் தண்ணீர்கூடக் கொடுத்தார்களாம். கதவுதான் கடைசிவரை திறக்கவில்லையாம்.

வேனை விற்கும் வரை மாமா ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. கோழி இறகு வாசலில் கிடந்தது. மண்ணெண்ணெய் வீட்டில் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது பென்சில் மட்டும்தான். அப்போது ஒன்று மூன்று ரூபாய்.