பின்சக்கரத்து உறுமல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு ஓடிய பழைய வேன் ஒன்றின் டிரைவர் அவர். சரியாகத் தூங்காத, சிவந்த கண்கள். ஓட்டும்போது தலையை வெளியே சாய்த்துச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார்.

நான் அவர் பக்கத்தில் இருந்தேன். அன்று பின்னால் ஏதோ உறுமியது. அவர் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

“பேரிங் போச்சு. எந்தப் பக்கம்னு தெரியணும். பாரம் ஏறின பக்கம் சத்தம் கூடும். ஐயாமாரே, எல்லாரும் வலது பெஞ்சுக்கு மாறுங்க.”

வலது பெஞ்சில் மீன்காரப் பெண்கள் இருவர், ஓலையில் முடைந்த கடவக் கூடைகளோடு. இடது பெஞ்சு நிறைய வெள்ளை வேட்டி ஆண்கள். ஒருவரும் அசையவில்லை.

அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப அக்காமாரே, நீங்க இடது பக்கம் வாங்க.”

பெண்கள் கடவத்தில் கை வைத்ததுதான் தாமதம், ஆண்கள் எல்லோரும் வலது பெஞ்சுக்குப் பாய்ந்தார்கள்.

“அக்கா, வேண்டாம், அங்ஙனயே இருங்க” என்றவர், வண்டியை மெல்ல நகர்த்தினார். உறுமல் எகிறியது.

“வலது சக்கரந்தான். எல்லாரும் இறங்குங்க. இனி ஓட்டினா கழண்டு போவும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சக்கரத்தடியில் குந்தியிருந்த அவர் சிரிக்கவில்லை.

“எங்க அம்மையும் கடவம் சொமக்கவளாக்கும், மக்கா.”

இப்போதும் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் மாறினால், என் காது தானாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது.