சோக் கம்பியின் சூடு

அயல்நேயைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அடிஸ் அபாபாவின் பியாசா டாக்சி வரிசையில் அவரை நினைக்க வேறு ஆள் இல்லாததால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

கார்களுக்கு மின்வேலை செய்பவர். கடை கிடையாது. வரிசையின் தலைமாட்டில் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருப்பார். இரண்டு ஒயர் கோத்த ஒரு சின்ன பல்பு, ஒரு குறடு, சட்டைப்பையில் உப்புத்தாள். அவ்வளவுதான் பட்டறை. மனைவி செத்த பிறகு, அந்த டின்னில் உட்கார்ந்தே ஒரே மகளை நர்ஸ் படிப்பு வரை கொண்டுவந்திருந்தார். பேச்சு மட்டும் எட்டிக்காய். "வண்டி நின்னா உடனே கார்புரேட்டரைக் கழட்டுறவன் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார்.

என் டாக்சி, பழைய ரஷ்ய வண்டி, அதற்கு என் வயது. அந்த மழைக்காலத்தில் விளக்கும் வைப்பரும் போட்டால் ஐட்லிங்கில் நடுங்கி நின்றுவிடும். கார்புரேட்டரை நான்கு தடவை கழுவினேன். நாங்கள் யாரும் செல்ஃப் அடிப்பதில்லை. அடிஸ் அபாபா முழுக்க மேடும் பள்ளமும்தான். சரிவில் நிறுத்தி, உருளவிட்டு, கியரில் போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால் கோளாறு இருந்தாலும் வருஷக்கணக்கில் தெரியாது.

அயல்நே பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"சிசாய், இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் ஒயர் இத்துப்போச்சு. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம, குளிர்ல வண்டியைக் கிளப்ப நீ கையால இழுக்கிறியே, அந்தச் சோக் கம்பி வழியா போகுது. சமதரையில நிறுத்தி செல்ஃப் அடி. அப்புறம் கம்பியைத் தொட்டுப் பாரு, சுடும்."

"என்னண்ணே, சோக் கம்பியில கரண்டா? காலையிலயே ஊத்திக்கிட்டீங்களா?"

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "புது ஒயர் வாங்கிட்டு வா, பத்து நிமிஷ வேலை" என்றார். நான் வாங்கவில்லை. சரிவில் உருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் முகப்பு விளக்கு இரண்டும் அவிந்தன. அவர்தான் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். அன்று அவர் மகளின் கல்லூரிக்குப் போயிருந்தார். வரிசைத் தலைவர் உர்கேசாவிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "கண்ணு தெரியாத கிழவன். நல்லா இருந்த ஒயரை அறுத்துட்டான்." அறுத்ததை நான் பார்க்கவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னேன். அவரிடம் திட்டு வாங்கியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். மறுநாள் அவர் வந்தபோது, இனி இங்கே வேலை செய்யக் கூடாது என்று உர்கேசா அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, போலே விமான நிலையத்துப் பக்கச் சமதரையில், கொட்டும் மழையில் வண்டி நின்றது. வேறு வழியில்லாமல் செல்ஃப் அடித்தேன். ஐந்தாவது தடவை சோக்கை இழுத்தபோது உள்ளங்கை பொசுங்கியது. கம்பியின் உறை உருகிப் புகைந்தது. பானெட்டைத் திறந்தேன். எர்த் ஒயர் பச்சை பூத்து இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அறுத்ததல்ல, தானாக இற்றது. விளக்குகள் அவிந்ததும் அதனால்தான். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அயல்நேயைத் தேடிப் போனேன். ஒரு சிமெண்டுக் கிடங்கின் வாசலில் காவலாளியாக இருந்தார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாளாம். என் கைக்கட்டைப் பார்த்தார்.

"சுட்டுச்சா?"

"சுட்டுச்சுண்ணே. திரும்பி வாங்க. எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லு. நான் இல்லாதப்ப அதைச் சொன்னேல்ல, அதே மாதிரி இதையும் சொல்லு. அப்புறம் வந்து கூப்பிடு. வரேன்."

மறுநாள் காலை வரிசையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உர்கேசாவின் வண்டி நடுங்கி நின்றது. யோசிக்காமல் எழுந்து போனேன்.

"செல்ஃப் அடிங்கண்ணே. சோக் கம்பியைத் தொட்டுப் பாருங்க. எர்த் ஒயர் போயிருக்கும்."

தொட்டார். சுட்டது. என் தோளில் தட்டினார்.

"அடேயப்பா, இதை யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"நானா கண்டுபிடிச்சதுதான்" என்றேன்.

ஏழு வருஷம் ஆகிறது. அவர் இன்னும் அந்தக் கிடங்கு வாசலில்தான் இருக்கிறாராம். அந்தப் பக்கம் சவாரி கேட்டால் நான் போவதில்லை.