உதடு தெரிய ஒரு விளக்கு

என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆனால் என் உதட்டைப் பார்த்தே நான் பேசுவது அத்தனையையும் பிடித்துவிடுவாள். நானோ வாயை மூடத் தெரியாதவள். இருவருக்கும் அப்படி ஒரு பொருத்தம். அவள் கல்யாணமாகிச் சேலத்துக்கு இறங்கிப் போனதும் ஊர்வம்பு பேச எனக்கு ஆளில்லாமல் போனது. எழுதி அனுப்பிப் பார்த்தேன். என் எழுத்தில் எந்த வம்பும் பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி ஆகிவிடுகிறது. வீடியோ காலும் ஒத்துவரவில்லை. எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். திறந்த வாய் திறந்தபடியே நான் உறைந்து நிற்பேன். அதனால் சமையலறையில் பருப்பு டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, வேலை பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்து, சிக்னல் கிடைக்கிற நேரத்தில் அனுப்ப ஆரம்பித்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் பொம்மை பதிலாக வரும். பக்கத்து வீட்டு அக்கா காபித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார், அதைச் சொன்னதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அசலாரிடம் புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டி வைப்பது அவள் வழக்கம். என்னிடமும் தலையாட்டத் தொடங்கிவிட்டாளே என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பதிவைப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு நேர் மேலே டியூப்லைட். மூக்கின் நிழல் விழுந்து வாய் இருக்கிற இடமே தெரியவில்லை. போதாததற்குத் திரையில் பட்டை பட்டையாகக் கோடு வேறு ஓடியது. சரி, விளக்குதான் வேண்டும் என்று டவுனுக்குப் போய், இருப்பதிலேயே மலிவான ரிங் லைட் ஒன்றை வாங்கி வந்தேன். அது என் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வளையலை மாட்டிவிட்டதே ஒழிய, அடுப்புப் பக்கம் ஓரடி நகர்ந்தால் வாய் மறுபடியும் இருட்டு. ஒரே இடத்தில் நின்று பேச நான் என்ன செய்தி வாசிக்கிறவளா?

என் வீட்டுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுபவர். ரிங் லைட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் கழித்துப்போட்ட பெரிய எல்.இ.டி. பேனலை வாங்கிவந்து, போனுக்குப் பின்னால் நிறுத்தி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மழைக்காலம். மிளகாய் வறுத்த காட்டம் போக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். வெளியே நின்ற பனிமூட்டம் சாவகாசமாக உள்ளே வந்து சேர்ந்திருந்தது. எடுத்ததைப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. நானும் இல்லை, அடுப்பும் இல்லை.

"பவர் பத்தல புள்ள" என்று இன்னும் கூட்டி வைத்தார். இன்னும் வெள்ளை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொண்டை ஊசி வளைவில் பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு வரும் சேலத்துக் கார்களை நிறுத்தி வகுப்பெடுக்கிற மனிதர் இவர். அந்த வகுப்பை அவருக்கே எடுத்தேன். "ஏனுங்க, பனியில ஹைபீம் போட்டா முன்னால ஒண்ணும் தெரியாதுங்களே."

அசடு வழிய ஜன்னலைச் சாத்தினார். பனி அடங்கியதும் டியூப்லைட்டை அணைத்து, பேனலைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, அதற்கும் எனக்கும் நடுவே கொடி கட்டித் தன் பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டார். மறுபக்கம் சுண்ணாம்புச் சுவர். வேட்டி வழியாக வந்த வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பியதில் மூக்கு நிழல் மறைந்துவிட்டது. கோடும் ஓடவில்லை. முப்பத்திரண்டு பல்லையும் எண்ணலாம்போல இருந்தது.

அன்றைக்கு ஆசை தீரப் பேசினேன். ஆனாலும் உள்ளுக்குள் பயம். இதற்கும் கட்டைவிரல் வந்தால்? அதனால் கொத்தமல்லி விலைக்கும் பூனை குட்டி போட்டதற்கும் நடுவே, முகம் மாறாமல், ஒரு பொய்யைச் செருகினேன். அவள் இங்கே விட்டுப்போன மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலையைக் கால் உடைந்த அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. கட்டைவிரல் இல்லை, வீடியோ. அவள் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டாருக்கு மட்டுமே புரிகிற, கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டே இராத அந்தக் கரகரத்த குரலில் கத்தினாள்.

"அந்தச் சேலையை யாரக் கேட்டுக் குடுத்த? நாளைக்கே பஸ் ஏறி வாரேன். ஊட்டுல சேலை இருக்கோணும்."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்து, திட்டுகிறாளா என்று கேட்டார்.

"நொம்ப நல்லாத் திட்டறாளுங்க" என்றேன்.