குவேக்கர் பள்ளிக்கூடமும் பிலோமினா ரீச்சரும்

ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளக்குப் படம் வந்தது. கீழே பிலோமினா ரீச்சரின் பெயர். உடனே கூப்பிய கைகள் வரிசை கட்டின. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று தலைவர் எழுதினார். நான் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும் வரை போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போன வருடம் அவரை நீக்கியது இதே குழுவிலிருந்துதான்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டார். ஆண்டு மலருக்கு அஞ்சலி வேண்டுமாம். "நல்ல விசயமா நாலு வரி எழுதித் தாங்கோ" என்றார். ரீச்சரைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விஷயமெல்லாம் இவர்கள் கேட்க விரும்பாத விஷயமாக இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எழுதுகிறேன்.

அவர் மன்னார்க் கரையோரத்தில் படிப்பித்தவர். நான் திருச்சிக்காரி. மெல்பர்னுக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு என்னை மருந்துக்கடை வேலை கொண்டுவந்தது, அவரை முதியோர் இல்ல வேலை. அந்த இல்லத்தில் இருந்த மார்கரெட் என்ற குவேக்கர் பெண்மணிதான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் கதையை அவருக்குச் சொன்னார்.

கருங்கல் சுவர், தகரக் கூரை. தங்கம் தோண்ட ஆட்கள் குவிந்த காலத்தில் இங்கே வந்த சில குவேக்கர் குடும்பங்கள் தங்கள் கையாலேயே கட்டியது. அவர்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் பூசை இல்லை, பாதிரியார் இல்லை, பாட்டும் இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். ஓட்டெடுக்கும் வழக்கமே கிடையாது. ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் காரியத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடப் பையன்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, எங்கள் பள்ளியில் அது நடக்காது என்று நின்றார்களாம். ஊர் கோபித்துக்கொண்டு பிள்ளைகளை அனுப்பாமல் விட்டது. பள்ளி மூடப்பட்டது.

இதையெல்லாம் ரீச்சர்தான் எனக்குச் சொன்னார். "பள்ளிக்கூடத்தை மூடினாலும் பிள்ளையின்ர கையில துவக்குக் குடுக்க மாட்டமெண்டு நிண்ட சனம், தங்கச்சி. எங்கட பக்கத்தில இப்பிடி நாலு பேர் இருந்திருந்தா..." என்றார். அவர் படிப்பித்த பள்ளியில் ராணுவம் முகாம் போட்டிருந்தது. அவர்கள் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தால் ஒரு வாங்குகூட, நாங்கள் பெஞ்சு என்போமே, மிச்சமில்லை. எல்லாவற்றையும் விறகாக்கியிருந்தார்கள்.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அந்தக் கட்டடத்தை மார்கரெட்டிடம் கேட்டு வாங்கியவர் ரீச்சர்தான். குவேக்கர்கள் வாடகை கேட்கவில்லை. "எதையாவது மாற்றுவதென்றால் முதலில் எங்களோடு வந்து உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

உட்காரத்தான் போனோம். கலைவிழாவுக்கு மேடை வேண்டும், தரையோடு பொருத்திய பழைய வாங்குகளை எடுக்க வேண்டும் என்று தலைவர் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். மார்கரெட்டும் அவருடைய ஆட்களும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்கள். நம்மவர்கள் நெளிந்தார்கள், செருமினார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர் எழுந்து, "தேங்க் யூ வெரி மச்" என்று எல்லாருக்கும் கை கொடுத்து, கொண்டுபோன ரோல்ஸையும் பரிமாறிவிட்டார். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் ரீச்சர் தலைவரை நிறுத்தினார். "தம்பி, அவை இன்னும் மறுமொழி சொல்லேல்ல. யோசிக்கினம்."

"ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லத்தானே, ரீச்சர்?"

"ஓமெண்டும் சொல்லேல்ல."

தலைவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

அடுத்த சனிக்கிழமை கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். ரீச்சர் போய் முன் வாங்கில் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அங்க ஆமி எரிச்சது. அவங்களுக்கு நாங்கள் ஆரோ எவரோ. இது எங்கட பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கு. இதை நாங்களே உடைக்கிறதோ?" என்று கேட்டார். "சரி, ஜனநாயக முறையில செய்வம்" என்றார் தலைவர். "எடுக்கலாம் எண்டுறவை கையை உயர்த்துங்கோ." யாரும் ஓட்டெடுத்திராத அந்தக் கூரைக்குக் கீழே, எங்கள் இருவரைத் தவிர எல்லாருடைய கையும் உயர்ந்தது. "நான் சம்மதிக்கேல்ல. அதை மட்டும் மறந்துடாதேங்கோ" என்றார் ரீச்சர். "நீங்கள் ஒராள் சொல்லி என்ன வரப்போகுது?" என்று பதில் வந்தது. சாயங்காலத்துக்குள் வாங்குகள் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டன.

மார்கரெட் சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். திட்டவில்லை. "நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, வந்து எங்களோடு உட்காருங்கள், பேசுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். நம்மில் ஒருவராவது போனோமா? ரீச்சரும் நானும் போவோம் என்றோம். நிர்வாகத்தில் இருப்பவர்கள்தான் போக வேண்டும் என்று எங்கள் வாயை அடைத்தார்கள். அவர்களும் போகவில்லை. குவேக்கர்களுக்குச் சேதி சொன்னது யார் என்று விசாரிக்கத்தான் அவர்களுக்கு நேரம் இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு விசாரணை! முடிவில், "ரீச்சர் காட்டிக் குடுத்திட்டா" என்றார்கள்.

காட்டிக் கொடுப்பது என்ற சொல்லுக்கு ஈழத்தமிழர் நடுவில் என்ன எடை என்று திருச்சிக்காரியான எனக்கே தெரியும். அந்தச் சொல்லால் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அதைத்தான், போரில் பள்ளிக்கூடத்தையே இழந்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் மேல், மேடைக்காகத் தூக்கி எறிந்தார்கள். குழுவிலிருந்து நீக்கினார்கள். கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு புற்றுநோய் வந்தது. குவேக்கர்கள் முறை வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் ரசத்தோடு போன ஒரு நாள் ரீச்சர் சிரித்தார். "இவை வந்தா எனக்கு நல்லா நித்திரை வருது. எங்கட ஆக்களெண்டா வருத்தம் எப்பிடி வந்தது, ஆர் டொக்டர் எண்டு கேட்டே கொண்டுபோடுவினம்." ரசத்தைக் குடித்துவிட்டு, "எண்டாலும் வந்திருக்கலாம்" என்றார். அவர்கள் வராததை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க முயற்சி செய்யவும் இல்லை.

அடக்கத்தன்று தேவாலயம் நிறைந்திருந்தது. மலர்வளையம் வைக்க இடமில்லை. எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் ரீச்சரின் மகள் அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "அன்ரி, அம்மா என்ன பிழை செய்தவ? நான் கேட்டா சொல்லேல்ல. இவ்வளவு பேரும் ஏன் முந்தி வரேல்ல?" அம்மா ஒரு பிழையும் செய்யவில்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அவளைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது பேச்சுப் போட்டிக்கு "பிலோமினா ரீச்சர் நினைவுக் கிண்ணம்" வைக்கப் போகிறார்களாம். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று தலைவர் சொன்னார். ரீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஊரே கை தூக்கும்போது என் கையைக் கீழேயே வைத்திருப்பது. நான் சம்மதிக்கவில்லை. கிண்ணத்தில் பெயரைப் பொறிக்கும் முன், அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொருவரும் அனிதாவின் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, "உன்ர அம்மா ஆரையும் காட்டிக் குடுக்கேல்ல. நாங்கள்தான் பொய் சொன்னனாங்கள்" என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.