அவிங்க யாருங்க?

துடியலூரில் பஸ் ஏறி இடம் பிடித்ததும் லோகப்பிரியாவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். சத்தம் வராது. முகம் மட்டும் ஒரு நேரம் முறைக்கும், ஒரு நேரம் கெஞ்சும், கவுண்டம்பாளையம் பாலம் ஏறுவதற்குள் யாரோடோ சமாதானமாகிச் சிரிக்கும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பேசுகிறாள் என்று முதலில் நினைப்பார்கள். காதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். ஒரு பெரியம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "ஏனுங் கண்ணு, மந்திரமுங்களா?"

"இல்லீங்க, கதைங்க" என்றாள் இவள். மந்திரமாக இருந்தாலாவது பரவாயில்லை என்பதுபோல அந்தம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடது கை கம்பியைப் பிடித்திருக்கும். கதை முழுக்கப் போனில் வலது கைக் கட்டைவிரலால் தட்டுவதுதான். வசனத்தை வாயில் போட்டு மென்று பார்க்காமல் ஒரு வரியும் எழுதமாட்டாள். காந்திபுரம் வருவதற்குள் ஒரு காட்சி முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கு அவள் பக்கம் யாரும் போகக்கூடாது. டீ கொண்டுவருகிற மனுசனுக்குக்கூட வசவு உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. கிணற்று மோட்டார், போர் மோட்டார் எது நின்றுபோனாலும் விவசாயிகள் இவளைத்தான் கூப்பிடுவார்கள். "அம்மணி, மோட்டாரு உறுமுதுங்க, தண்ணி மட்டும் வரமாட்டீங்குது." "நேத்துப் பூரா ஒரே அழுவாச்சிங்க. இன்னிக்கு வாயே தொறக்கமாட்டீங்குதுங்க." இதைச் சொன்னவர் மோட்டாரைத்தான் சொன்னார். புகாரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கை, இன்னொரு பக்கம் அந்த வாக்கியத்தையும் போனில் குறித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பார்த்தால் அவள் கதையில் கோபித்துக்கொண்ட ஒருத்தி வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

கதை வருவது ஒரு செயலியில். எழில் என்ற பேரில், வியாழன்தோறும் எழுதுகிறாள். அந்தப் பேரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள்: "நீங்க அண்ணாவா, அக்காவா?" இவள் போட்ட பதில்: "ஆமாங்க."

இந்த எழிலுக்கு முன்னால் வேறொரு பேர் இருந்தது. அதில் அவள் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினாள். மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற கவிதைகள். நன்றாகவே இருந்தன. கீழே வந்து குவிந்தவைதான் நன்றாக இல்லை. வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்று கேட்டவர்கள், டாக்டரைப் பார்க்கச் சொன்னவர்கள், சொல்லக் கூசுகிறதைச் சொன்னவர்கள். ஒரு புண்ணியவான், எல்லாம் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லித் தன் தங்கை மகனுக்கு ஜாதகமே கேட்டார். அடக் கெரகமே! அன்றைக்கே அந்தக் கணக்கை மூடிவிட்டுப் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் போய் உட்கார்ந்து அழுதாள். பல மாதம் எழுதவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்புறம்தான் அந்தச் சொல் அவளுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சொல்தான். அவிங்க. கொங்குச் சீமையில் எந்தப் பெண் தன் புருசன் பேரைச் சொல்கிறாள்? அவிங்க சொன்னாங்க, அவிங்க வந்தாங்க, அவிங்களுக்கு ஆகாதுங்க. அந்த 'ங்க'வுக்குள் ஆம்பளையா பொம்பளையா என்பதே தெரியாது. லோகப்பிரியா அதற்குள் கயல்விழியைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள்.

கயல்விழி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். துடியலூரில் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கும் வெள்ளகோவிலில் இருக்கிற அம்மாவுக்கும் அது ரூம்மேட். ரூம்மேட் என்பது எத்தனை வசதியான சொல் என்று இருவருக்கும் தெரியும். எத்தனை எரிச்சலான சொல் என்றும் தெரியும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை வீட்டில் ஒருத்தியும் அவளுடைய அவிங்களும். காப்பிக்குச் சண்டை, கரண்ட் போனால் சமாதானம். ஆனால் அதை எழுதுவதற்கு அவள் படுகிற பாடு இருக்கிறதே! சட்டை, சேலை, மீசை, பூ, இந்த நான்கு சொல்லும் அந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது. அவிங்க எப்போதும் 'துணி' மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். 'தலை'யைத்தான் துவட்டுவார்கள். வாசகர்கள் மயங்கிப்போனார்கள். "அவிங்க மாதிரி ஒருத்தர் கெடைச்சாப் போதும், இப்பவே கழுத்த நீட்டறேன்" என்று ஒருத்தி எழுதினாள். அதைக் கயலிடம் காட்டினால், கயல் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் என்னையப் புருசனாக்கிப்போட்டே. என்னைய எப்பத்தான் பொம்பளையாக்குவே?"

கேலியாகத்தான் கேட்டாள். அடுப்புப் பக்கம் திரும்பிய பிறகு கயலின் முகத்தில் கேலி இல்லை.

லோகப்பிரியாவின் விசுவாசமான ரசிகர்கள் இருப்பது செயலியில் அல்ல, வெள்ளகோவிலில் ஒரு கொப்பரைக் களத்தில். அவளுடைய அம்மா பொற்கொடி அங்கே தேங்காய் உடைக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால், மகள் தானே வாசித்துக் குரலாக அனுப்பிவிடுவாள். மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது போனை ஒரு சாக்கின் மேல் வைத்துக் களமே கேட்கும். "அவிங்க நல்ல ஒசரமா இருப்பாங்களாட்ட இருக்குதுங்க" என்பாள் ஒருத்தி. "ஒசரத்த உடுங்க, இத்தன நாள்ல ஒருக்காலாச்சும் குடிச்சுப்போட்டு வந்தாங்களா பாருங்க" என்பாள் இன்னொருத்தி. பொற்கொடி போனின் சத்தத்தை இன்னும் கூட்டிவைப்பார். 'என்ற புள்ள எழுதுனதாக்கும்' என்று பெருமையாக இருக்கும் அவருக்கு.

அவிங்களை அவள் என்று மாற்றுவதற்கு லோகப்பிரியா பயந்தது வசைக்கு மட்டுமல்ல. அந்தச் சாக்கின் மேலிருக்கிற போனுக்குப் பயந்தாள். அம்மாவை இழந்துவிடுவோம் என்று பயந்தாள். இன்னொன்றும் இருந்தது. பொற்கொடி சிறுவயதில் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். அங்கே ஓடித் திரிகிற முதலாளி வீட்டுப் பொடிசுகளுக்குக்கூட அவர் 'ங்க' போட வேண்டும். அதுகள் அவரை வா, போ என்னும். ஊருக்கே மரியாதை தெரியும் என்று பேர். அந்த மரியாதை அவர் குடியிருந்த தெருப் பக்கம் மட்டும் வராது. இன்றைக்கு அதே தோட்டங்களிலிருந்து மகளுக்குப் போன் வருகிறது: "சொல்லுங்க அம்மணி." போனில் தெரு தெரிவதில்லை. ஆக, ஒரு 'ங்க' என்ன விலை என்று லோகப்பிரியாவுக்குத் தெரியும். கயலைப் பெண் என்று காட்ட வேண்டுமானால் அந்த 'ங்க'வைப் பிடுங்கி 'அவள்' ஆக்க வேண்டும். அவர் என்று எழுதினாலும் மறுபடி மறைந்துபோகிறாள். பெண் என்றும் தெரிய வேண்டும், மரியாதையும் இருக்க வேண்டும் என்றால் தமிழில் ஒற்றைச் சொல் எங்கே இருக்கிறது?

"மரியாதையுமாச்சு மண்ணாங்கட்டியுமாச்சு, அவளுன்னே எழுது" என்பாள் கயல். இவள் தலையாட்டுவாள். வியாழக்கிழமை மறுபடி அவிங்கதான் வருவார்கள்.

ஒரு வியாழன் கை வழுக்கிவிட்டது. காலை அவசரத்தைப் பற்றி எழுதும்போது, தினமும் பார்க்கிறதை அப்படியே எழுதிவிட்டாள்: "அவிங்க ஊக்கப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னாங்க. நேரமாச்சுன்னு நான் கத்துனேன்." வாசித்து அம்மாவுக்கும் அனுப்பியாயிற்று. செயலியில் ஒரே கும்மாளம். பொண்டாட்டிக்குச் சேலையில் ஊக்குக் குத்திவிடக் காத்து நிற்கிற புருசன்! உலகத்தில் உண்டா இப்படி ஒருத்தர்! ஹர்ஷிணி என்ற ஒரு வாசகி மட்டும், "அக்கா, எனக்குப் புரிஞ்சுது" என்று எழுதி ஒரு இதயம் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் லோகப்பிரியாவுக்குத் தன் தப்பே தெரிந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அம்மா கூப்பிட்டார்.

"கண்ணு, கதை கேட்டேன்."

"நல்லாருந்துச்சாம்மா?"

"நல்லாருந்துச்சு. இவளுக எல்லாம் ஒரே சிரிப்பு. புருசன் ஊக்குக் குத்தி உடறானாமா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆம்பளைக்கு ஊக்கப் பல்லுல கடிக்கத் தெரியாது சாமி. உன்ற அப்பன்கிட்ட ஒருக்கா குடுத்தேன். கையில வெச்சுக்கிட்டு முழிக்கறாரு. பல்லுல கடிக்கறது நம்மதான். அது யாரு ஊக்கு?"

பஸ் சாய்பாபா காலனி நிறுத்தத்தில் நின்றிருந்தது. ஏறுகிறவர்கள் அவள் தோளில் இடித்துக்கொண்டு ஏறினார்கள். கதைதானேம்மா என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வசனம் எழுதுகிறவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் சலித்துப்போயிருந்தது.

"கயலோடதும்மா."

யாரோ தேங்காய் உடைப்பது மட்டும் கேட்டது. "மேஸ்திரி கூப்புடறாங்க" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் அவள் உதடுகள் அசையவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ஆனது ஆகட்டும் என்று ஒரு நாள், நின்றுகொண்டே, அந்த அத்தியாயத்தை எழுதினாள். முதல் வரியே, "அவள் வந்தாள்." இதை அவளே என்னிடம் சொன்னாள். அவளைப் பற்றி நான் எழுதுகிற இந்தச் சித்திரத்திலும் தன்னை அவள் என்றே எழுதச் சொன்னது அதனால்தான். கயலுக்கு இல்லாத 'ர்' தனக்கு எதற்கு என்றாள்.

வாசகர்கள் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். "நல்லாத்தான போயிட்டிருந்துச்சு, கெடுத்துப்போட்டீங்களே" என்றார் ஒருவர். அவிங்களுக்குக் கழுத்தை நீட்டத் தயாராக இருந்தவள் ஏமாற்றிவிட்டாய் என்று எழுதிவிட்டுப் போனாள். பழைய வசைகளும் திரும்பி வந்தன. ஆனால் இந்தத் தடவை அவள் கணக்கை மூடவில்லை. புதிதாகச் சில பேர் வந்திருந்தார்கள். பேர் போடாமல், ஒரு வரி, இரண்டு வரி எழுதினார்கள். அவளுக்கு அதையெல்லாம் நிதானமாகப் படிக்க மனசில்லை. வழக்கம்போல வாசித்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அனுப்பியதன் அடியில் இருந்த இரண்டு சின்னக் குறிகளும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தன. கேட்டால் நீலமாகும். பத்து நிமிசத்துக்கு ஒருமுறை அதைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொற்கொடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். காங்கயம் வழியாகப் பஸ் பிடித்துச் சிங்காநல்லூரில் இறங்கி, இன்னும் இரண்டு பஸ் மாறியிருக்கிறார். பையில் தேங்காயும் முருங்கைக்காயும். லோகப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"களத்துல கதை என்னாச்சுன்னு கேக்கறாளுக. போனு ரிப்பேருன்னு சொல்லிப்போட்டேன்" என்றார் அம்மா.

"நீ கேட்டியாம்மா?"

செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரே கட்டில். கொடியில் இரண்டு பேர் துணியும் கலந்து கிடந்தது. "ஆளக் காணமே?" என்றார். அவனா அவளா என்று எந்தப் பக்கமும் சாயாமல் அம்மா அதைக் கேட்டது, அந்த வித்தையிலேயே காலம் தள்ளிய மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கறி எடுக்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

"ம்" என்றார் அம்மா. திட்டினாலாவது பரவாயில்லை என்றிருந்தது லோகப்பிரியாவுக்கு. அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அம்மாதான் காட்ட வேண்டியிருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கறிப் பையோடு கதவைத் தள்ளிய கயல், உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பொற்கொடி நாற்காலியை விட்டு எழுந்தார். கரூரில் கட்டிக்கொடுத்த மூத்த மகளின் புருசன் வாசல் மிதிக்கும்போது எழுவதுபோல, முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். "வாங்க" என்றார். கயல் பதறிப்போய், "ஐயோ, நீங்க உக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. கயல் பையைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்காரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.