ராகி மூட்டைகள் இருந்த அறை

கலங்கிய ஏரித் தண்ணீருக்கு ஒரு சேற்று வாடை உண்டு. கெலமங்கலத்துக்கு அப்பால் இருந்த எங்கள் ஏரியில் யானைகள் இறங்கிவிட்டன என்பதை அந்த வாடையிலேயே தெரிந்துகொண்டு, பனி விலகாத காலையில் போர்வையை இன்னும் இறுக்கிக்கொள்வேன். ராகி அறுப்புக்குச் சரியாகக் கர்நாடகத்துக் காட்டிலிருந்து வந்துவிடும் அவை, பகலெல்லாம் நாமக்கோழிகளுக்கும் நாரைகளுக்கும் நடுவே தண்ணீரில் நிற்க, ஊரே கரையில் கூடி வேடிக்கை பார்க்கும். எனக்கு அந்தத் துணிச்சல் இருந்ததில்லை. பொழுது சாய்ந்தால் கரையேறுமே என்ற பயம்தான் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதானபோது, எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்ததையே அப்பாவும் செய்தார்: களத்தில் விட்டால் யானை தின்றுவிடும் என்று, தூற்றிய ராகியை எட்டு மூட்டையாகக் கட்டி, நானும் தம்பியும் படுக்கும் அறையில் சுவரோரம் அடுக்கினார். கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து பாடுபட்டு விளைவித்த ராகி, எங்களுக்கு ஒரு வருஷத்துக் களி. "வூட்டுக்குள்ள இருந்தா எது வந்து தொடப்போவுது?" என்றார். யானையின் மூக்கு எவ்வளவு நீளம் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

மறுநாள், விளக்கேற்றும் நேரத்தில் அறையின் மண்சுவர் அதிர்ந்தது. இரண்டாவது இடியில் ஓட்டை விழுந்து, ஈரமான தும்பிக்கை உள்ளே நுழைந்து மூட்டைகளைத் தடவியது. அதற்குக் கீழே பாயில், காய்ச்சலோடு மூன்று வயதுத் தம்பி படுத்திருந்தான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அப்பா உள்ளே பாய்ந்தார். பாய்ந்து, மூட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மூட்டைய வுடுங்க. புள்ளய எடுங்க," என்று அம்மா தணிந்த குரலில் சொன்னாள்.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பித் தம்பியை வாரி எடுத்தார். நாங்கள் பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடி ஏறியபோது சுவர் சரியும் சத்தம் கேட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதன்பிறகு வெகுநாள், தம்பியைத் தூக்குமுன் அப்பா அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அது எனக்கு யானையைவிடப் பயமாக இருந்தது.

இன்று எங்கள் ஏரி, காப்பு ஏரி. வனத்துறைப் பலகையும் இரும்புக் கம்பி வேலியும் இருக்கின்றன. ராகி வயல்கள் மனைகளாகிவிட்டன, எங்கள் வீடு இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. போன மாதம் மகளை அங்கே அழைத்துப் போனேன். வேலிக்கு அப்பால், தண்ணீரில் ஒற்றை யானை நின்றது.

"கை வலிக்குதும்மா," என்றாள் மகள். குனிந்து பார்த்தேன். என் பையும் போனும் சேற்றில் விழுந்து கிடக்க, இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தேன்.