கொரியாக்காரர் வீட்டு மூத்த மகள்

என் தங்கைக்கு நல்லது நடந்தால் எனக்கு வயிறு எரியும். சொல்ல வெட்கமில்லை. பொறாமையே படாத அக்காக்கள் எங்காவது இருக்கலாம். அவர்களுக்குத் தங்கை இருந்திருக்காது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்துக் கல்யாணம் ஆனது. என்னை உள்ளூரிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவளை ராஜபாளையத்தில் நூல் மில் வைத்திருந்த அண்ணன் தம்பிகளில் கடைசிக்காரருக்குக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளில் போய்வருகிறவர். அவள் வீட்டு வாசலில் கார் நின்றது. நான் கறுப்பு, அவள் மாநிறம் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவளுக்கு நகை அதிகம் போட வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக, செண்பகத்தோப்பு போகிற வழியில் இருந்த சின்ன மாந்தோப்பு மூத்தவளுக்கு என்று அம்மா உயிரோடு இருந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னாள். அப்பா சரி என்று தலையாட்டினார். பத்திரம் எதுவும் எழுதவில்லை. பெற்றவர்களிடம் யார் பத்திரம் கேட்பார்கள்? பூப்பூக்கும்போது மருந்தடிக்க ஆள் பிடிப்பதும், குரங்கு விரட்டுவதும், காய் பறிக்கும்போது வெயிலில் நிற்பதும் நான்தான். ஆகவே தோப்பு என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருந்தார். இரண்டு தெரு தள்ளி. காலையும் மதியமும் என் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறுவார். என் வீட்டுக்கு வரும்போது பனியனும் லுங்கியும் போதும் அவருக்கு.

அப்பாவை ஊரில் கொரியாக்காரர் என்பார்கள். பட்டாளத்தில் லாரி டிரைவராக இருந்தவர். இளவயதில், அந்த நாட்டில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டு ஓய்ந்த சமயம், நடுவில் நின்று கைதிகளைக் காவல் காக்க நம் பட்டாளத்தைக் கப்பலில் அனுப்பினார்கள். அதில் அப்பாவும் போனார். சில மாதங்களில் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு காஷ்மீரிலும் அஸ்ஸாமிலும் வருஷக்கணக்காக வண்டி ஓட்டினார். அதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. காய்கறிக்காரி கூட என்னைக் கொரியாக்காரர் மூத்த மகள் என்றுதான் சொல்வாள்.

தொண்ணூறுகளில் தங்கை வீட்டு மில்லில் இருந்து தென்கொரியாவுக்கு நூல் போக ஆரம்பித்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏறும். ஆர்டர் பெருகியதும் புது மெஷின் வாங்க அவள் வீட்டுக்காரர் பேங்குக்குப் போகாமல் தெரிந்தவர்களைப் பங்கு சேர்த்தார். ரிட்டயரான ஏட்டையா ஒருவர், செட்டியார்பட்டி பஞ்சு வியாபாரி, உரக்கடைக்காரர், என் வீட்டுக்காரருடைய ஹெட்மாஸ்டர் எனப் பலரும் சேர்ந்தார்கள். கொரியாக்காரர் மாப்பிள்ளை கொரியாவோடு வியாபாரம் செய்கிறார், இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் போட எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடையில் கொரியாவிலிருந்து அந்தச் சேதிகள் வர ஆரம்பித்தன. வடக்கே அணுகுண்டு செய்கிறார்கள் என்று சந்தேகம். பார்க்கப் போனவர்களை அவர்கள் முழுதாகப் பார்க்க விடவில்லை. அமெரிக்கா கோபப்பட்டது. தெற்கே ஜனங்கள் அரிசியும் பருப்புமாக வாங்கி வீட்டில் அடுக்குகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். நான் கரண்டியோடு வந்து நின்று, அந்தக் கொரியாச் சேதியை இன்னொரு தடவை வாசியுங்கள் என்பேன். அடுப்பில் குழம்பு தீயும்.

சண்டை வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆண்டாள் சன்னதியில் நின்றுகொண்டு அதையெல்லாம் கேட்க முடியாது. தங்கை வீட்டுக் காரை விற்கிற அளவுக்கு வந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

அங்கே நூல் வாங்குகிறவர், அடுத்த லோடைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று போன் செய்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் விஷயம் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. பங்கு போட்டவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். மில்லுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொருவராக அப்பா வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இது வழக்கம். ஒரு காரியத்தில் இறங்கவோ விலகவோ, அங்கே போய்வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அவர் போய்வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தாலும் சரி. ஏட்டையா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சண்டை வருமா என்று வைத்தியரிடம் கேட்பதுபோலக் கேட்டார். அப்பா, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வாரம் முழுக்க நல்ல பசி.

பிறகு தங்கை வந்தாள். பஸ்ஸில் வந்தாள், அதையும் நான் கவனித்துக்கொண்டேன். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் மில்லைப் பூட்ட வேண்டியதுதான் என்று சொல்லி அப்பா முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அழுகை கைவந்த கலை. மூக்கு மட்டும் லேசாகச் சிவக்கும், முகம் கோணாது. நான் அழுதால் பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தம் என்று எட்டிப்பார்ப்பாள். அதனால் சீக்கிரமே விட்டுவிட்டேன். அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

மறுநாள் இஸ்திரிச் சட்டையோடு ராஜபாளையம் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். துணை என்பது வெளியே சொன்னது. அவள் வீட்டுக்காரர் கைகட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது உள்ளே இருந்தது.

மில் ஆபீஸ் முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். பங்கு போட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மெஷின் ஓடாததால் பேச்சு நன்றாகவே கேட்டது. அவள் வீட்டுக்காரர் ஆர்டர் கடிதம், கப்பல், டாலர் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அப்புறம் அப்பா எழுந்தார். பட்டாளத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

“சண்டை வராது. நான் அந்த மண்ணுல நின்னவன். வேலிக்கு அங்கிட்டு ஒருத்தன், இங்கிட்டு ஒருத்தன் நின்னுக்கிட்டு ஏசுவானுக. தாண்ட மாட்டானுக” என்றார்.

அவ்வளவுதான். பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பயம் தெளிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஏட்டையா மட்டும் போலீஸ் புத்தி போகாமல், மிகவும் மரியாதையாக, அண்ணாச்சி ஏதும் பங்கு போட்டிருக்கிறாரா என்று கேட்டார். அப்பா தங்கையைப் பார்த்தார். அவள் மூக்கு சிவக்க ஆரம்பித்திருந்தது.

“என் தோப்பப் போடுதேன்” என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கூட அவ்வளவு எரிந்திருக்காது. தோப்பு என்றதும், அதில் நான் என்று ஒருத்தி இருப்பது அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே சண்டை வராதா என்று கேட்டேன். டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க அரிசி மூடையும் பருப்பு மூடையும் கொண்டுபோயி எறக்குனேன். கூடாரமும் முள்ளுக்கம்பியும்தான் பாத்தேன். அந்தக் குளிருல வண்டியவிட்டுத் தலய வெளிய நீட்டல.”

“பொறவு எதுக்கு அப்படிச் சொன்னீக?”

“பிள்ள அழுதுச்சே.”

மீதி வழி முழுக்க எனக்கு ஒரே கணக்குத்தான். பஸ்ஸில் கேட்டதை ஏட்டையா காதில் போட்டால் மறுநாள் காலையில் மில்லுக்குப் பூட்டு விழும், தோப்பும் தப்பும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் ஏட்டையா வீடு வழியில்தான் இருந்தது. முந்தின பஸ்ஸில் வந்து வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த எழுந்து நிற்பதை நான் எப்படிக் கெடுப்பேன்? நேராக வீட்டுக்கு வந்து, ஊறப்போட்டிருந்த துணியையெல்லாம் அடித்துத் துவைத்தேன்.

சண்டை வரவில்லை. அமெரிக்காவிலிருந்து யாரோ பெரியவர் போய்ப் பேசினார் என்றார்கள். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த சமயம் நூலும் கப்பல் ஏறத் தொடங்கிவிட்டது. அப்பாவின் மதிப்பு எங்கேயோ ஏறிவிட்டது. கிணறு வெட்டலாமா, மகனைத் துபாய்க்கு அனுப்பலாமா என்றெல்லாம் வந்து கேட்டார்கள். தோப்பை ஒரு அரிசி ஆலைக்காரர் வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் நான் மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் மாம்பழம் வாங்கினேன். தங்கை டிரைவரிடம் ஒரு கூடை கொடுத்தனுப்பினாள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. என் பிள்ளைகள் கொட்டைவரை சப்பித் தின்று, சித்தி நல்ல சித்தி என்றார்கள். அவள் மாடி கட்டினாள். கிரகப்பிரவேசத்தில் அப்பாதான் முதலில் உள்ளே காலெடுத்து வைத்தார்.

சில வருஷம் போயிற்று. ஒரு தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில், ஒரு குண்டு கூட வெடிக்காமல், தென்கொரியாவில் பேங்குகள் ஆட்டம் கண்டன. பணத்துக்கு மதிப்பில்லாமல் போனது. நூல் வாங்கிக்கொண்டிருந்தவர் கம்பெனியை மூடிவிட்டார். போன சரக்குக்குப் பணம் வரவில்லை. மில் நின்றது. மெஷின்களைக் கழற்றி விற்றார்கள். அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள். மாடி வீடு போனது.

காரும் போனது. நான் நினைத்திருந்தது அது ஒன்றைத்தான். ஆனால் சந்தோஷம் வருவதற்கு வழியில்லாமல் போய்விட்டது, ஏனென்றால் அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை, தினமும் ராஜபாளையம் போனார். நன்றாக வாழ்ந்தபோதும் அவளுக்குத்தான், கெட்டபோதும் அவளுக்குத்தான். கஷ்டம் என்று ஒன்று வந்தால் அதிலாவது எனக்குப் பங்கு கிடைக்கும் என்று நினைத்தேன். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஏட்டையா ஒருநாள் அப்பாவைப் பார்க்க வந்தார். சத்தம் போடவில்லை. அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“சண்டதான் வரலையே அண்ணாச்சி. பொறவு எப்படிப் போச்சு?” என்று கேட்டார். நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

அப்பா சண்டையைப் பற்றி மட்டும்தான் பொய் சொல்லியிருந்தார். சீக்கிரமே தான் குடியிருந்த வீட்டை விற்றார். தன் வார்த்தையைக் கேட்டுப் பணத்தை விட்டுவைத்தவர்களுக்குத் தன்னால் முடிந்ததைப் பிரித்துக் கொடுத்தார். அதற்காக அவரை நான் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் போவதற்கு இனி ஒரு வீடுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பின்கட்டு அறையில் கிடந்த சாமான்களை வெளியேற்றி வெள்ளையடித்தேன். ஃபேன் மாட்டினேன். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர் என்று கட்டில் வாங்கிப் போட்டேன். என் வீட்டுக்காரர், மாமனார் வருவதற்கு இவ்வளவு தடபுடலா, மாப்பிள்ளை அழைப்பா என்று கேலி செய்தார். செய்துகொள்ளட்டும். தங்கை அப்போது ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தாள். அவளால் முடியாதது ஒன்று என்னிடம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக.

வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியை ஒரு சைக்கிள் கேரியரில் வைத்து அப்பா வந்தார். திண்ணையில் வைத்த மோரைக் குடித்தார். அறையைக் காட்டினேன். கட்டிலைத் தடவிப் பார்த்தார், நல்லாருக்கு என்றார். அப்புறம், ராஜபாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளைப் பார்த்துவிட்டு வரப்போகிறார் என்று நினைத்து, பெட்டியை உள்ளே வைக்கப் போனேன். அது இருக்கட்டும், எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். வழியெல்லாம் சொன்னேன். அங்கே ஒரு அறைதான், அவர்களே நாலு பேர் நெருக்கிப் படுக்கிறார்கள், குழாயில் தண்ணீர் வருவதில்லை, இங்கே எல்லாம் தயாராக இருக்கிறது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும், தெரியும் தாயி, தெரியும் தாயி என்றார்.

“அவளால ஒத்தையில முடியாது. நீ எப்படியும் சமாளிச்சுக்கிடுவ” என்றார்.

“நான் அழுதா எங்கூட இருப்பீகளாப்பா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தங்கையைப் பற்றிப் பேசும்போது கூட அவர் முகத்தில் அந்த மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

“நீ அழ மாட்டியே” என்றார்.

பஸ் வந்தது. கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்று விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெட்டி கனம், அப்பாவால் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கி ஏற்றினேன்.